மூன்று நாட்களாக அடிவயிற்றில் வலி

அருள்,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். இன்று வியாழன். உனக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதைப் போனில் சொல்ல எனக்கு வராது. முப்பத்திரண்டு வருடம் கரும்பலகையில் எழுதிய கை. எழுதினால்தான் வார்த்தைகள் வரிசையாக வருகின்றன. "பக்கம் பக்கமா எழுதிக்கினு கீற, டாக்டருக்கு இத்தப் படிக்க நேரம் இருக்குமா?" என்று கேட்டுவிட்டு உன் அப்பா டீ போடப் போயிருக்கிறார். உனக்கு ஒழிந்த நேரத்தில் படி. ஆனால் திங்கட்கிழமைக்கு முன்னால் படித்துவிடு.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். நீ எம்.பி.பி.எஸ். படித்த அதே கல்லூரியில், பொது மருத்துவத்தில் உதவிப் பேராசிரியர் இடம் காலியாக இருக்கிறது. உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை கையெழுத்துப் போட வேண்டும். "வாரத்துல ஒரு நாள் வந்து முகம் காட்டினா போதுமாம்மா, மத்தத அவங்க பாத்துக்கறாங்களாம். சென்னை ஆஸ்பத்திரி வேலையையும் விட வேணாம். நிறைய பேர் அப்படித்தான் செய்றாங்க. நீ இன்னா சொல்ற?" என்றாய். கேட்கும்போது உன் குரல் கொஞ்சம் இறங்கியது. அதற்கு முதலில் நன்றி சொல்லிக்கொள்கிறேன். நீ கூச்சமே இல்லாமல் கேட்டிருந்தால் எனக்கு இந்தக் கடிதம் எழுதத் துணிவு வந்திருக்காது.

கல்லூரிக்காரர்களை நான் திட்டப் போவதில்லை. அவர்கள் நிலைமை எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதே நிலைமையில் இருந்திருக்கிறேன். நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த உதவிபெறும் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் பிள்ளைகள் போதவில்லை. அதிகாரி வந்து தலையை எண்ணப் போகிறார். எண்ணிக்கை குறைந்தால் ஓர் ஆசிரியர் இடம் போய்விடும். ஆசிரியர் போனால் இருக்கிற பிள்ளைகளும் வேறு பள்ளிக்குப் போய்விடுவார்கள். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் பக்கத்துப் பால்வாடிக்குப் போய் ஆறு குழந்தைகளை அழைத்துவந்து பெஞ்சில் உட்கார வைத்தேன். அதிகாரி "உன் பேர் என்ன?" என்று ஒரு குழந்தையைக் கேட்டார். அது, "எனக்கு முட்டை குடுக்கிற ஸ்கூலுக்குப் போவணும்" என்று அழ ஆரம்பித்துவிட்டது. அதிகாரி சிரித்தார், எங்களை விட்டுவிட்டார். அவர் விட்டுவிட்டதால் அது தப்பில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

உன் கல்லூரியின் கதையும் அதுவேதான், அளவு மட்டும் பெரிது. மனை போட்டுக் கல் நட்டிருந்த வெளிக்கு நடுவில் ஆறு மாடி கட்டினார்கள். கட்டில் போட்டார்கள், விசிறி மாட்டினார்கள். நோயாளிதான் வரவில்லை. ஷேர் ஆட்டோ மெயின் ரோட்டோடு நின்றுவிடும். சுற்றியிருக்கிற கம்பெனிகளில் நிரந்தர வேலையில் இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. காண்ட்ராக்ட் ஆட்களுக்கு லீவு கிடையாது; ஓ.பி. திறந்திருந்த நேரமெல்லாம் அவர்கள் கம்பெனி அசெம்ப்ளி லைனில் வேலையில் நின்றுகொண்டிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்களுக்குப் பயம். "தனியாருன்னா புடுங்கிடுவான்" என்றது ஒரு கூட்டம். "இலவசமாம், அப்போ பசங்க நம்ம மேல கை வச்சுப் பழகத்தான்" என்றது இன்னொரு கூட்டம். நோயாளி இல்லையென்றால் மாணவன் எதைப் பார்த்துப் படிப்பான்? நல்ல பேராசிரியர் காலி வார்டில் எத்தனை நாள் உட்காருவார்? பேராசிரியர் இல்லையென்றால் நோயாளி எப்படி வருவான்? எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவர்கள் திணறினார்கள். அரசு ஒதுக்கீட்டில் உனக்கு அங்கே இடம் கிடைத்தபோது இதெல்லாம் நமக்குத் தெரியாது. படப்பையிலிருந்து வீட்டுச் சாப்பாட்டோடு போய் வருகிற தூரம் என்று நான் மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். இன்றைக்கும் அந்த மெழுகுவர்த்தி வீண் என்று நான் நினைக்கவில்லை.

நீ மூன்றாம் ஆண்டில் இருந்தாய். கல்லூரியின் மக்கள் தொடர்பு வேலை பார்த்த செல்வம் நம் வீட்டுக்கு வந்தார். என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவர். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார்.

"டீச்சர், நாளான்னிக்கு இன்ஸ்பெக்ஷன். வார்டு வெறிச்சோன்னு கீது. நீங்க சொன்னா ஜனம் வரும். காலைல வந்து படுத்தா சாயங்காலம் வூட்டுக்கு வந்துடலாம். சாப்பாடு உண்டு, ஆளுக்கு ஒரு ஸ்டீல் தூக்கு உண்டு."

"அங்கீகாரம் போயிட்டா உள்ள படிக்கிற பசங்க கதி?" என்று கேட்டேன்.

"அத்தத்தான் நானும் சொல்ல வந்தேன் டீச்சர்."

அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. நீ பாதியில் நிற்பதை நான் கண்ணெதிரே பார்த்துவிட்டேன். சரி என்றேன்.

இதுவரை உனக்குத் தெரியும். நான் எப்படி ஏற்பாடு செய்தேன் என்பதும் தெரியும். அதற்காகத்தான் நீ என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. இருந்தாலும் மறுபடி சொல்கிறேன், ஏனென்றால் உனக்குத் தெரியாதது இதற்குள்தான் இருக்கிறது.

எந்தக் காரியத்தைக் கொடுத்தாலும் நான் அதை வகுப்பாக்கிவிடுவேன். முதல் நாள் சாயங்காலம் நம் வீட்டு முன்னறையில் இருபத்திரண்டு பேரை உட்கார வைத்தேன். நம் தெருக்காரர்கள், சேரப்பணஞ்சேரியில் சுயஉதவிக் குழுப் பெண்கள், வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட நாலைந்து காண்ட்ராக்ட் ஆட்கள். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டில் ஒரு நோய் எழுதிக் கொடுத்தேன். டாக்டர் கேட்டால் முழு வாக்கியமாகப் பதில் சொல்ல வேண்டும் என்றேன். "ஐயா, எனக்கு மூன்று நாட்களாக அடிவயிற்றில் வலி இருக்கிறது." ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்று சொன்னார்கள். கன்னியப்பன் "மூணு நாளா வவுத்துல" என்று ஆரம்பித்தபோது உட்கார வைத்துத் திருத்தினேன். வெட்கமாக இருக்கிறது அருள், அன்று எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. ஓய்வு பெற்றபின் என் முன்னால் ஒரு வகுப்பு.

மல்லிகாவை உனக்கு நன்றாகத் தெரியும். அப்போது அவள் ஒரு கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அடிவயிற்று வலிச் சீட்டைத்தான் கொடுத்திருந்தேன். எல்லாரும் கலைந்தபிறகு அவள் மட்டும் நின்றாள்.

"டீச்சர், எனக்கு நெசமாலுமே ஒண்ணு கீது. மாடி ஏறினா மூச்சு வாங்குது. படுத்தா இருமல் வருது. வவுத்துவலிக்குப் பதிலா அத்த சொல்லிடட்டா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது வேண்டாம் மல்லிகா. மூச்சு வாங்குதுன்னா நிறைய கேள்வி கேட்பாங்க, நீ தடுமாறுவ. சிலபஸ்ல இல்லாததச் சொல்லாத. குடுத்தத மட்டும் சொல்லு."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். இதுதான் உனக்குத் தெரியாதது. பத்து வருடமாக நான் உன்னிடம் சொல்லாதது.

மறுநாள் உன் அப்பா ஓட்டிய கம்பெனி பஸ்ஸில்தான் போனோம். காலை ஷிப்டை இறக்கிவிட்டு, மதிய ஷிப்டை ஏற்றும்வரை வண்டி சும்மா நிற்கும் அல்லவா, அந்த இடைவெளியில். நான் ஒரு கட்டிலின் பக்கத்தில் துணைக்கு வந்தவளாக உட்கார்ந்துகொண்டேன். ஆய்வுக்கு வந்தவர்களில் ஓர் அம்மா இருந்தார், நரைத்த முடி, கையில் சின்ன நோட்டு. முதல் கட்டில், "ஐயா, எனக்கு மூன்று நாட்களாக அடிவயிற்றில் வலி இருக்கிறது." அவர் பெண் என்பதைக்கூடப் பார்க்காமல் "ஐயா" என்கிறார்கள். மூன்றாவது கட்டிலிலும் மூன்று நாள். நெஞ்செரிச்சலும் மூன்று நாள், முழங்கால் வலியும் மூன்று நாள். சீட்டு எழுதும்போது நோயை மாற்றினேன், நாளை மாற்றவில்லை. எட்டாவது கட்டிலில் அந்த அம்மா பேனாவை மூடிவிட்டார்.

"இந்த வார்டுல எல்லாருக்கும் ஒரே நாள்ல ஆரம்பிச்சிருக்கு. தமிழும் ரொம்ப நல்லா இருக்கு. யாருப்பா சொல்லிக் குடுத்தது?"

கன்னியப்பன் எழுந்து உட்கார்ந்து பெருமையாகச் சொன்னார். "எங்க டீச்சரு மேடம். தோ, அங்க குந்திக்கினு கீறாங்க."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் முந்தானையை இழுத்துக்கொண்டேன். அவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த வார்டுக்குப் போய்விட்டார். அந்த வருடம் புதிய மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று ஆணை வந்தது. உள்ளே இருந்த உங்களை ஒன்றும் செய்யவில்லை. நான் எதற்குப் பயந்து இதைச் செய்தேனோ அது நடக்கவே போவதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்று ஆய்வுக்காரர்கள் போனபிறகு வார்டே கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிட்டது. சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கிறார்கள், தூக்கு வந்ததா என்று கேட்கிறார்கள். வெளியே உன் அப்பா ஹாரன் அடிக்கிறார். அப்போது நீ வந்தாய். கசங்கிய வெள்ளைக் கோட்டு, முகத்தில் கோபம். என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் நேராக மல்லிகாவின் கட்டிலுக்குப் போனாய். உனக்கு அன்று ஒரு கேஸ் எழுதியாக வேண்டும். அவள் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, "ஐயா, எனக்கு மூன்று நாட்களாக" என்று ஆரம்பித்தாள்.

நீ அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாய். "அக்கா, அது அம்மா சொல்லிக் குடுத்தது. உங்களுக்கு இன்னா பண்ணுது?"

அருள், நான் முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனையோ கேள்வித்தாள் தயாரித்திருக்கிறேன். அவற்றில் ஒன்றிலாவது எனக்கு விடை தெரியாத ஒரு கேள்வியை வைத்ததில்லை. நீ அன்று கேட்டாய், கேட்டுவிட்டுக் காத்திருந்தாய். மல்லிகா என்னை ஒருமுறை பார்த்தாள். நான் தலை குனிந்துகொண்டேன். பிறகு அவள் சொன்னாள்.

நீ ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டாய். முகம் மாறியது, ஆனால் உறுதியில்லை. ஓடிப்போய் உங்கள் பெரிய சாரைக் கூட்டிவந்தாய், அந்த மெடிசின் பேராசிரியரை. அரசாங்கக் கல்லூரியில் ஓய்வு பெற்று இங்கே வந்தவர். அவ்வளவு காலி வார்டிலும் தினமும் காலை எட்டு மணிக்கு வந்து நின்றவர் அவர் ஒருவர்தான் என்று நீ சொல்லியிருக்கிறாய். அவர் மல்லிகாவை இடப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னார். ஸ்டெதாஸ்கோப்பின் வட்டைத் தன் உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்துச் சூடாக்கினார். "குளிர்ந்ததை அப்படியே வைக்கக் கூடாதுப்பா, அவங்களுக்குத் தூக்கிவாரிப் போடும்" என்று, சுற்றி வந்து நின்ற மாணவர்களான உங்களிடம் சொன்னார். கேட்டார், கண்ணை மூடிக்கொண்டு மறுபடி கேட்டார். பிறகு அவளிடம், "அம்மா, இந்தப் பசங்களும் ஒருதரம் கேட்கட்டுமா? நீங்க சரின்னாதான்" என்று அனுமதி கேட்டார். நீங்கள் ஒன்பது பேர், ஒவ்வொருவராக வட்டைச் சூடாக்கிக்கொண்டு குனிந்தீர்கள்.

"இன்னா சார், எல்லாரும் வரிசைல வந்து பாட்டு கேக்குறீங்க?" என்றாள் மல்லிகா. பெரிய சார் சிரித்தார். "ஆமாம்மா. ஆனா சுருதி சரியில்ல. நீங்க இன்னிக்கு வீட்டுக்குப் போக வேணாம்."

சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதயத்தின் ஒரு வால்வைச் சுருக்கி வைத்திருந்தது. உன் அப்பா உள்ளே வந்து, "ரெண்டாவது ஷிப்டுக்கு வண்டி எடுக்கணும், ஏறச் சொல்லு" என்றார். எல்லாரும் ஏறினார்கள். தூக்கோடு மல்லிகா மட்டும் தங்கினாள். சென்னையில் அரசு மருத்துவமனையில், காப்பீட்டு அட்டையில், பலூன் விட்டு அந்த வால்வை விரித்தார்கள். நீயும் பெரிய சாரும்தான் அலைந்தீர்கள். அவள் மறுபடி மாடி ஏறினாள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் அடிக்கடி நன்றியோடு நினைக்கிறேன். மல்லிகா கேண்டீனில் பேசினாள். "அங்க ஒரு வயசான டாக்டரு கீறாரு, கைய சூடு பண்ணிக்கினுதான் தொடுவாரு." அதைக் கேட்டு அவளோடு வேலை பார்த்த இரண்டு பெண்கள் போனார்கள். ஆனால் ஓ.பி. காலையில் மட்டும்தான் என்பதால் அரைச் சம்பளத்தை விட்டுவிட்டுப் போனார்கள். இதைக் கேட்ட பெரிய சார், நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி, சாயங்காலம் ஐந்தரைக்கு ஓ.பி. திறந்தார். ஜெனரல் ஷிப்ட் முடிகிற நேரம். உன் அப்பா கம்பெனியில் கேட்டுக்கொண்டு கல்லூரிக்குத் திரும்பும் இடத்தில் பஸ்ஸை நிறுத்த ஆரம்பித்தார். இரண்டு பேர், பத்துப் பேர், பிறகு டோக்கன் போடும் அளவுக்குக் கூட்டம். ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள்கூட உடுப்பு மாற்றாமல் வந்து நின்றார்கள். உங்கள் கடைசி இரண்டு வருடம் நீங்கள் பார்த்ததெல்லாம் அந்த உடம்புகளைத்தான். அடுத்த ஆய்வில் யாரும் யாருக்கும் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை. உன் படிப்புக்கு நானும் அப்பாவும் காரணம் என்று நீ கல்யாண மேடையில் சொன்னாய். களைத்துப்போய் வந்தும், தெரியாத பிள்ளைகள் தொட்டுப் பார்க்கச் சம்மதித்த அவர்களையும் அந்த இடத்தில் வைத்துக்கொள். நான் தினமும் வைக்கிறேன்.

இப்போது இந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். மல்லிகாவின் வருடாந்தரச் செக்கப்புக்குத் துணையாக நானும் அங்கே போனேன். பெரிய சார் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது. முட்டி முடியவில்லை அவருக்கு. சாயங்கால ஓ.பி. நின்றுவிட்டது, உட்கார ஆள் இல்லை. காலையிலும் அறைக்கு வெளியே பலகையில் நாலு டாக்டர் பெயர் இருந்தது. உள்ளே நாலு நாற்காலி இருந்தது. ஆள் ஒருவர்தான், அவரும் அவசரப் பிரிவுக்கு ஓடிவிட்டார். ஒரு மாணவி மட்டும் இருந்தாள். மல்லிகாவைப் பார்த்து முடித்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"உங்களுக்கு என்ன பண்ணுது ஆன்ட்டி?"

"எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. பொதுவான பரிசோதனைக்காக வந்தேன்," என்றேன், முழு வாக்கியமாக.

மல்லிகா என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "இன்னா டீச்சர், அது சிலபஸ்ல இல்லையா?"

பத்து வருடம், அருள். ஒரு நாள்கூட அவள் அதை உன்னிடமோ வேறு யாரிடமோ சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டில் கேக் தின்றிருக்கிறாள், உன் கல்யாணத்தில் பந்தி பரிமாறியிருக்கிறாள். மறந்துவிட்டாள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "வுடுங்க டீச்சர். உங்க புள்ள கேட்டுச்சில்ல, அது போதும்," என்றாள்.

என் தொந்தரவு இதுதான்: சில மாதமாக எனக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைகிறது. ஒரு நாள் செருப்பு கழன்றது தெரியாமல் கடைவரை நடந்திருக்கிறேன். உன்னிடம் சொன்னால் நீ சென்னையிலிருந்து ஓடிவருவாய் என்று சொல்லவில்லை. மல்லிகா இடித்தபிறகு அந்த மாணவியிடம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள், எழுதினாள். அடுத்து எதைச் சோதிக்க வேண்டும் என்று அவளுக்கு நிச்சயமில்லை. கேட்பதற்காகத் திரும்பிப் பார்த்தாள். நாலு காலி நாற்காலிகளைத்தான் பார்த்தாள். "சார் வந்ததும் கேட்டுச் சொல்றேன் ஆன்ட்டி, அடுத்த வாரம் வர்றீங்களா?" என்றாள். நல்ல பெண். நீ ஓடிப்போய்க் கூட்டிவந்ததுபோல் அவளும் ஓடத் தயார். ஓடிப்போய்க் கூப்பிட அவளுக்கு ஆள் இல்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். நீ வாரம் ஒரு நாள் முகம் காட்டினால், அந்தப் பலகையில் ஐந்தாவதாக உன் பெயர் ஏறும், ஐந்தாவது நாற்காலி வரும். அன்று இருபத்திரண்டு பேரை நான் கட்டிலில் படுக்க வைத்தேன். உன்னை நாற்காலியில் உட்கார வைப்பார்கள். வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. உன் படிப்பு நிற்கக் கூடாது என்று நான் செய்த காரியம் அது. அதே காரியத்தில் நீ போய் நிற்பதை என்னால் பார்க்க முடியாது.

அதற்காக முழுநேரமும் வந்துதான் ஆக வேண்டும் என்று நான் கட்டளை போடவில்லை. உன் மனைவிக்குச் சென்னையில் வேலை, குழந்தைக்கு அங்கே பள்ளி, இங்கே கிடைப்பது குறைவு, சம்பளம் நேரத்துக்கு வருமா என்பதும் தெரியாது. இதையெல்லாம் எடைபோட்டு, முடியாது என்று தோன்றினால், திங்கட்கிழமை போய் முடியாது என்று சொல்லிவிடு. எனக்கு ஒரு துளி வருத்தமும் இருக்காது. இடம் காலி என்பது காலியாகவே தெரிந்தால், யாராவது ஒருவர் அதைத் தேடி வரலாம். வருவதென்றால் மட்டும், காலை எட்டு மணிக்கு வா. சாயங்காலம் ஐந்தரைக்கும் உட்காருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வா. பஸ்ஸை நிறுத்தச் சொல்லிப் புது டிரைவரிடம் பேசுவதாக உன் அப்பா இப்போதே சொல்கிறார். டீயோடு வந்து தோளுக்கு மேலாக இதைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

நீ எதை முடிவு செய்தாலும், அன்று கட்டிலோரத்தில் உட்கார்ந்து மல்லிகாவைக் கேட்டாயே, அதற்கு நான் உனக்குக் கடன்பட்டவள். என் தப்பு ஓர் உயிரைக் கொண்டுபோயிருக்கும்; உன் கேள்வி நடுவில் வந்து நின்றது. இதை நேரில் சொல்ல எனக்கு இத்தனை வருடம் வாய் வரவில்லை.

அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் டோக்கன் எடுத்துக்கொண்டு, மல்லிகாவோடு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே நீ இருந்தால், அந்த மாணவியைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு என்னைக் கேள். நான் எதையும் தயார் செய்துகொண்டு வரமாட்டேன்.

அம்மா